தேர்ந்தெடுத்த ஒன்பது பேர்

ஹூஸ்டன் துறைமுகம், அமெரிக்கா
11 ஜூலை 1968

அன்புள்ள விசாலாட்சிக்கு,

கண்ணையா எழுதுவது. கோதுமைத் தூசியில் ஓயாமல் தும்முகிறேன், அதைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை. நீயும் அம்மாவும் ருக்குவும் சுகமாக இருப்பீர்கள். உன் ஜூன் மாதக் கடிதம் ஏஜெண்டு மூலம் கைக்கு வந்தது. கார் நிக்கோபார் வேலை பற்றி நீ கேட்டிருந்ததற்குப் பதிலைப் பிறகு விவரமாக எழுதுகிறேன். இப்போது வேறொன்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முந்தாநாள் நான் ஓர் ஆட்டம் பார்த்தேன். அந்தமானில் பிறந்த எவனும் இதுவரை பார்த்திராத ஆட்டம் என்று சத்தியம் செய்து சொல்வேன்.

கோதுமை ஏற்ற இடம் கிடைக்காமல் பன்னிரண்டு நாளாக எங்கள் கப்பல் காத்துக் கிடக்கிறது. கப்பல்காரர்களுக்காக இங்கே தேவாலயத்து ஆட்கள் ஒரு மன்றம் நடத்துகிறார்கள். அவர்கள் கப்பலுக்கு ஒரு டிக்கெட் கொடுத்தார்கள். எங்கள் கப்பலில் நாற்பத்தாறு பேர். எங்கள் கேப்டன் என்னைக் கூப்பிட்டு, "கண்ணையா, நீதான் ஸ்போர்ட்ஸ்மேன், நீ போ" என்று கையில் கொடுத்தார். போர்ட் பிளேயர் டீமுக்கு மூன்று வருஷம் ஃபுட்பால் ஆடியவன் என்று அவருக்குத் தெரியும்.

விசாலம், அந்த மைதானத்துக்குக் கூரை இருக்கிறது! மேடைக்கு மட்டும் போட்ட கூரை என்று நினைக்காதே, மைதானம் முழுவதும் கூரைக்குள். நம் ஜிம்கானா மைதானத்தைச் சுற்றியுள்ள மரங்கள், ரோடு, ஆபர்தீன் பஜாரில் பாதி, எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடியதுபோல. உள்ளே குளுகுளுவென்று காற்று. வெளியே சட்டை உடம்பில் ஒட்டுகிற வெயில், உள்ளே எனக்குப் பல் கிட்டிவிட்டது. கீழே பச்சைப் பசேலென்று புல். குனிந்து பார்த்த ஒருவன் சொல்கிறான், அது புல்லே இல்லையாம். பிளாஸ்டிக்கில் செய்து பாய் மாதிரி விரித்ததாம். நாற்பத்தெட்டாயிரம் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நம் தீவுகள் எல்லாவற்றிலும் உள்ள ஜனத்தில் பாதிப் பேர், ஒரே கூரைக்குள், ஒரே சமயத்தில் கத்தினால் எப்படி இருக்கும்!

ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். அதிலும் இது சாதாரண ஆட்டம் இல்லை. இந்த நாட்டில் இரண்டு பெரிய சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்திலும் பல ஊர் அணிகள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், எல்லா அணிகளிலிருந்தும் ஆகச் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து இந்தச் சங்கத்துக்கும் அந்தச் சங்கத்துக்கும் மோத விடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெருமை.

முறை இதுதான். சாய்ந்த சதுரத்தின் நாலு மூலையை நினைத்துக்கொள். ஒரு மூலையில் மட்டைக்காரன் நிற்பான். அந்த மூலைக்குப் பெயர் 'ஹோம்', அதாவது வீடு. மற்ற மூன்று மூலையிலும் தலையணை மாதிரி வெள்ளை மூட்டை. அதுதான் பேஸ். நடுவில் இருந்து ஒருவன் பந்தை எறிவான், பாராடாங் காட்டில் யானை மிரண்டு ஓடுகிற வேகத்தில். மட்டைக்காரன் மூன்று தடவை மட்டையை வீசித் தவறினால் அவுட். அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓடவேண்டும். அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தாலும் அவுட். மூன்று பேர் அவுட்டானால் எதிர்ப்பக்கத்தின் முறை. மூன்று பேஸும் சுற்றி வீடு வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம். மூன்றாவது பேஸ் வரை வந்து நின்றவனுக்கு ஒன்றுமே கிடையாது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். மொத்தமே ஒரே ஓர் ஓட்டம்! அதை எடுத்தவர் முப்பத்தேழு வயதுக்காரர், கறுப்பர். ஆரம்பத்திலேயே ஓர் அடி அடித்து முதல் பேஸில் நின்றார். எறிகிறவன் அவரைப் பிடிக்க நினைத்துப் பந்தைத் தவறாக வீச, இரண்டாவதுக்கு ஓடினார். இன்னொரு பந்து பின்னால் கை தவறிப் போக, மூன்றாவதுக்கு ஓடினார். அடுத்தவன் அடித்ததில் இரண்டு பேர் அவுட். ஆனால் அந்தக் குழப்பத்துக்குள் இவர் வீடு சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கடைசிவரை ஒருவராலும் முடியவில்லை. நான் நல்ல இடத்தில், பெரிய மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் "எந்த ஊர்?" என்றார். "அந்தமான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவருக்கு அது எங்கே என்று தெரியவில்லை. அதனால் என்ன, இனிமேல் தெரியும்.

எட்டுப் பக்கம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

உன்
கண்ணையா


கராச்சர்மா, போர்ட் பிளேயர்
2 ஆகஸ்ட் 1968

அத்தானுக்கு,

விசாலாட்சி எழுதுவது. உங்கள் கடிதம் நேற்று வந்தது. எட்டுப் பக்கத்தையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "அது சரி, உன் வேலைக்கு என்ன எழுதியிருக்கான்?" நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் புல்லுக்கு ஆறு வரி. எனக்கு ஒரு வரி. அதிலும் 'பிறகு'.

நான் ஜூனில் கேட்டதை மறுபடி எழுதுகிறேன், கடல் காற்றில் மறந்திருக்கலாம். பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் டிரெய்னிங் முடித்து, இங்கே நாலு வருஷம் லீவு எடுப்பவர்களுக்குப் பதிலாகவே பாடம் நடத்தினேன். இப்போது நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, கார் நிக்கோபாரில். பத்தாம் தேதிக்குள் சேரவேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். போகட்டுமா என்று உங்களிடம் கேட்டேன். உங்களுக்கு 'பிறகு' வருவதற்குள் எனக்குப் பத்தாம் தேதி வந்துவிடும்.

ஒரு வருஷம் என்று சொல்லித்தான் கப்பல் ஏறினீர்கள். ருக்கு பிறந்து மூன்று மாதத்தில் வருவேன் என்றீர்கள். பம்பாய் வரை வந்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அங்கேயே இன்னொரு கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். வீடு வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம், மூன்றாவது பேஸில் நிற்பவனுக்கு ஒன்றும் கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆறாம் தேதிக் கப்பலில் போகிறேன். ருக்குவையும் கூட்டிக்கொண்டு. அத்தை ஹாடோவில் உங்கள் அக்கா வீட்டில் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் நான் முடிவு செய்யவில்லை. "அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ படிச்சது அடுப்பு ஊதவா? போயிட்டு வா" என்றார்கள்.

இந்தக் கடிதம் அனுமதி கேட்டு அல்ல. தகவலுக்காக.

விசாலாட்சி


பம்பாய்
24 செப்டம்பர் 1968

விசாலாட்சிக்கு,

சூயஸ் கால்வாய் மூடிக் கிடப்பதால் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐம்பது நாள் கடலிலேயே வந்தோம். ஐம்பது நாளுக்குப் பிறகு கரையில் எனக்குக் காத்திருந்தது உன் கடிதம். 'தகவலுக்காக'. ஆபீஸ் கடிதம் எழுத நன்றாகவே பழகிவிட்டாய்.

நான் இந்த முறை வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தேன். பெட்டியில் ருக்குவுக்குக் கவுன் இருக்கிறது. அம்மாவுக்குக் கம்பளி இருக்கிறது. யார் வீட்டுக்கு வருவது? கராச்சர்மாவில் பூட்டுத்தான் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாஸ் இல்லாமல் நான் கால் வைக்கமுடியாத பழங்குடித் தீவுக்கு நீ போய்விட்டாய். பிறந்து வளர்ந்தது அந்தமானில், என் தாத்தாவுக்குத் தாத்தா கைவிலங்கோடு வந்து இறங்கிய மண். அந்த நான் என் பெண்டாட்டியைப் பார்க்க மனுப் போடவேண்டும்.

எனக்கும் முடிவு எடுக்கத் தெரியும். நாளை ஜப்பான் போகிற கப்பலுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். கோபே துறைமுக ஏஜெண்டு முகவரி கீழே. இதுவும் தகவலுக்காக.

கண்ணையா


மூஸ், கார் நிக்கோபார்
20 அக்டோபர் 1968

அத்தானுக்கு,

உங்கள் பம்பாய்க் கடிதத்துக்கு இது பதில் இல்லை. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் நானும் பதினாறு பக்கம் எழுதிவிடுவேன். இதை மனைவியாக எழுதவில்லை, ஆசிரியையாக எழுதுகிறேன். எனக்கு மூன்று சந்தேகம். அதற்கு முன் விஷயத்தைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் கடலோரத்தில், தென்னந்தோப்புக்குள். அறுபத்தொரு பிள்ளைகள். ஆண் பிள்ளைகள் மணி அடித்ததும் ஃபுட்பாலோடு மைதானத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பந்து என்றால் உயிர். பெண் பிள்ளைகள் இருபத்தேழு பேரும் கோட்டுக்கு வெளியே நின்று, வெளியே வரும் பந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் ஆட்டம். எஸ்தர் என்று ஒருத்தி, மேல்வகுப்பு. ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், ஹமாரா கேல் கௌன் சா?" என்றாள். எங்கள் ஆட்டம் எது என்று. எனக்குத் தெரிந்தது வளையப்பந்து ஒன்றுதான். அதற்கு வளையமும் இல்லை, வலையும் இல்லை.

அன்றைக்குப் பெட்டியில் உங்கள் எட்டுப் பக்கம் கண்ணில் பட்டது. கிழித்துப் போட்டிருக்கவேண்டியது, ஏனோ கொண்டுவந்திருந்தேன். மறுநாள் வகுப்பில் ஹிந்தியில் மாற்றி வாசித்தேன். கூரை போட்ட மைதானத்தை அவர்கள் நம்பவில்லை. ஆனால் நாலு மூலையை நம்பினார்கள். எஸ்தரின் அப்பா ஓடம் குடைகிறவர். மிச்சக் கட்டையில் மட்டை செதுக்கித் தந்தார். பந்துக்குத் துணியைச் சுற்றி மீன்பிடி நூலால் இறுக்கித் தைத்தோம். பேஸுக்குக் கொப்பரைச் சாக்கில் தேங்காய் நார் அடைத்தோம். இரண்டு வாரமாக மணி அடித்ததும் ஆண் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடுகிறவர்கள் இந்த இருபத்தேழு பேர்தான். ஹெட்மாஸ்டர் இராமகிருஷ்ணன் சார் முதலில் முகம் சுளித்தார். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்.

என் சந்தேகங்கள். ஒன்று, அடித்த பந்து பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே போனால் ஓடலாமா? நீங்கள் எழுதவில்லை. இரண்டு, ஒரே பேஸில் இரண்டு பேர் வந்து நின்றால் யார் அவுட்? நேற்று இதற்காக இரண்டு சிறுமிகள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று, பந்து தென்னை மரத்தில் பட்டுத் தெறித்து, தரையில் படுவதற்குள் பிடித்துவிட்டால் அவுட்டா இல்லையா? மைதானத்துக்குள் எங்களுக்கு ஏழு மரம்.

பதில் எழுதினால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

ருக்கு நடக்கிறாள்.

விசாலாட்சி


கோபே, ஜப்பான்
28 நவம்பர் 1968

அன்புள்ள விசாலத்துக்கு,

முதலில் உன் பிள்ளைகளுக்குப் பதில். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பேஸ்பால்தான். கப்பல் பட்டறையில் ஒரு மேஸ்திரி வாலிபத்தில் நன்றாக ஆடியவராம். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. எங்கள் கப்பல் தட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அவரே ஓடிக் காட்டி விளக்கினார்.

ஒன்று: முதல் பேஸ் கோட்டுக்கும் மூன்றாவது பேஸ் கோட்டுக்கும் வெளியே விழுந்தால் ஓடக்கூடாது. வீசித் தவறியதாகக் கணக்கு. ஆனால் இரண்டு தவறுக்குப் பிறகு அப்படி அடித்தால் கணக்கில்லை, அவுட் கிடையாது. இரண்டு: ஒரே பேஸில் இருவர் நின்றால் முதலில் வந்தவருக்கே உரிமை. இரண்டாமவரைப் பந்தால் தொட்டால் அவர் அவுட். மூன்று: தென்னை மரத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினேன். மேஸ்திரி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கையை விரித்தார். இதற்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை, விசாலம். நீதான் சட்டம் போடவேண்டும்.

இனி ஹூஸ்டன் கடிதம் பற்றி. அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துவிட்டாய் என்றபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அதில் ஆட்டம் நிஜம். மற்றது நிஜமில்லை. கேப்டன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. டிக்கெட் மூன்றாவது எஞ்சினியருக்கு வந்தது. அவருக்குக் காய்ச்சல். மற்றவர்கள் எல்லாரும் கடைத்தெருவுக்குப் போகக் கிளம்பிவிட்டார்கள். யாருமே கேட்காத டிக்கெட்டைத்தான் நான் வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்த இடமும் பெரிய மனிதர்களுக்கு நடுவில் இல்லை, கூரையைத் தொடுகிற உச்சி வரிசையில். அங்கிருந்து ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள்.

பக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும். அவர்கள்தான் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் அந்த அம்மாள் கேட்டார், குழந்தை உண்டா என்று. பெண் குழந்தை, பெயர் ருக்கு என்றேன். என்ன வயது என்றார். பதினாலு மாதம் என்றேன். "நடக்கிறாளா? பேசுகிறாளா? யார் ஜாடை?" நான் நடக்கிறாள் என்றேன். என் மூக்கு என்றேன். என்னைக் கண்டால் விடமாட்டாள் என்றேன். விசாலம், பெயரையும் வயதையும் தவிர நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குப் பிறகு ஆட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்தபோது அதை எழுத மனம் வரவில்லை. எட்டுப் பக்கமும் ஆட்டத்தை எழுதினேன்.

உன் கேள்விக்குப் பதில் போடாததும் மறதியால் அல்ல. உனக்கு நிரந்தர வேலை வந்துவிட்டால் என்னை எதற்குத் தேடப்போகிறாய் என்று ஒரு பயம். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு 'பிறகு' என்று எழுதினேன். பம்பாயில் அதே பயம்தான் கோபமாக வந்தது.

ஐந்து மாதம் பிந்திய பதிலை இப்போது எழுதுகிறேன். போ. போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரியும். இருந்தாலும் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி பத்தாம் தேதிவாக்கில் கல்கத்தாவில் கணக்கு முடித்து இறங்குகிறேன். அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கப்பல் வேண்டாம்.

உன்
கண்ணையா


மூஸ், கார் நிக்கோபார்
27 டிசம்பர் 1968

அன்புள்ள அத்தானுக்கு,

கல்கத்தா ஏஜெண்டு முகவரிக்கு எழுதுகிறேன். நீங்கள் இறங்குவதற்குள் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். கோபே கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். பிள்ளைகளுக்கு முதல் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

தென்னை மரச் சட்டம் போட்டாயிற்று. மரத்தில் பட்டு, தரையில் படாமல் பிடித்தால் அவுட். மரமும் காற்று மாதிரி, மைதானத்தில் அது பாட்டுக்கு இருக்கிறது என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

ஆட்டம் இப்போது என் கையில் இல்லை. இந்தத் தீவிலேயே மலாக்கா ஊரில் ஒரு செட், லபாத்தி ஊரில் ஒரு செட். ஜனவரி 26 அன்று எல்லா ஊர்களிலும் நன்றாக ஆடுகிற பெண்களைத் தேர்ந்தெடுத்து வடக்கு ஒன்பது, தெற்கு ஒன்பது என்று ஆடப்போகிறார்கள். ஆண் பிள்ளைகளின் ஃபுட்பாலுக்கு முன்னால் எங்கள் ஆட்டம்! வடக்குக்குத் தேர்ந்தெடுப்பது நான். நடுவரும் நான்.

அதில் ஒரு சங்கடம் வந்தது. இங்கே ஊர்த் தலைவரைக் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். மூஸ் கேப்டனின் மகள் மார்த்தாவை நான் எடுக்கவில்லை. நல்ல பெண், ஆனால் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஹெட்மாஸ்டர் சார் பதறினார். "எதுக்கும்மா வம்பு? கேப்டன் பொண்ணும்மா. ஒரு பேரைச் சேத்துட்டுப் போறது!" நான் சொன்னேன், "சேத்தா மத்த எட்டுப் பேருக்கும் எடுத்ததுல என்ன சார் மரியாதை?"

இரண்டு நாள் பொறுத்துக் கேப்டனே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் கேட்டது இவ்வளவுதான்: "என் மகளுக்குக் கண் போதாது என்கிறாயாமே, டீச்சர்?" பந்து வரும்போது மட்டும்தான், மற்ற நேரத்தில் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குத்தான் கூர்மையான கண் என்றேன். அது உண்மை. அவளை எனக்குத் துணை நடுவராகப் போட்டிருக்கிறேன் என்றேன். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு குலை இளநீர் வந்தது.

நீங்கள் இங்கே வரப் பாஸ் வேண்டும். அரசு ஊழியரின் குடும்பத்தினர் என்று நான் மனுப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வரச் சொல்லி எழுதவில்லை. வருவதானால் காகிதம் ஒன்று தடுக்கக்கூடாது என்பதற்காக.

ருக்குவின் மூக்கு உங்கள் மூக்குத்தான். அதில் நீங்கள் பொய் சொல்லவில்லை.

விசாலம்


ஹாடோ, போர்ட் பிளேயர்
9 பிப்ரவரி 1969

அன்புள்ள விசாலத்துக்கு,

நேற்றுக் காலை வந்து சேர்ந்தேன். வழியில் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அம்மாவுக்கு நீ கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயும் ருக்குவின் போட்டோவும் கொடுத்தேன். எண்ணெய் இன்னும் மூலையில் கிடக்கிறது. போட்டோ தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்தது.

பதினாலு நாள் உன் பக்கத்திலேயே இருந்தேன். பேசவேண்டியதில் பாதி பேசவில்லை. எனக்கு எழுதினால்தான் வருகிறது. அந்த 26ஆம் தேதி நீ மைதானத்துக்கு நடுவில் நின்றாய். நான் உட்கார்ந்த இடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

முதலில், அங்கே வருமுன் இங்கே பாஸ் ஆபீஸில் நடந்தது. கிளார்க் உன் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க யாரு? என்ன உத்தியோகம்?" என்றார். நான் என் கப்பல் புத்தகத்தை நீட்டினேன். பம்பாய், ஹூஸ்டன், கோபே என்று முத்திரைகள் இருந்தன. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் வேணாங்க" என்று பாஸில் எழுதினார்: 'கண்ணையா, ஆசிரியை விசாலாட்சியின் கணவர்.' எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அந்தக் காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். இந்த முறை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டத்தன்று உட்கார இடம் தேடினேன். கொடிக்கம்பத்துக்குப் பக்கம் சாய்ந்து கிடந்த மரத்தில் ஊர்ப் பெரியவர்கள். ஓரத்தில் நின்றேன். நடுவில் தொப்பி வைத்திருந்தவர் திரும்பி ஹிந்தியில் "நீ யார்?" என்றார். எத்தனையோ துறைமுகத்தில் என்னை இப்படிக் கேட்டிருக்கிறார்கள். நான் இன்ன கப்பலின் ஃபிட்டர், போர்ட் பிளேயர் ஃபுட்பால் டீம் என்று ஆரம்பிப்பேன். அன்றைக்கு வாயில் வந்தது, "டீச்சர் கா ஆத்மி." டீச்சரின் புருஷன். அவர் இரண்டு பேரைத் தள்ளி உட்காரச் சொல்லிப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார். அவர்தான் மூஸ் கேப்டன் என்று பிறகுதான் தெரிந்தது. ஹூஸ்டனில் நான் உட்கார்ந்ததாகப் புளுகிய இடம் எனக்கு இங்கே கிடைத்தது.

ஆட்டத்தைப் பற்றி உனக்கே நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கடைசி முறை வந்தபோது என் பக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தெற்குப் பதினாறு, வடக்குப் பதினைந்து. வடக்குக்கு இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். மட்டையோடு எஸ்தர். அவள் அப்பா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அவள் அடித்தாள். அந்த ஜனம் கத்திய கத்தலுக்கு முன் நாற்பத்தெட்டாயிரம் பேர் ஒன்றுமில்லை. பேஸில் இருந்த இரண்டு பெண்களும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள், வடக்கு ஜெயித்துவிட்டது என்று தொப்பிகள் பறந்தன. அப்போதுதான் பார்த்தோம். பந்து தென்னை மரத்தில் மோதித் தெறித்து, தெற்குக்கு ஆடிய அந்த மலாக்காப் பெண்ணின் கையில் இருந்தது.

நீ கையைத் தூக்கி "அவுட்" என்றாய். உன் பள்ளிக்கூடம், உன் ஊர், உன் எஸ்தர். எல்லார் முகமும் இருண்டது. "தரையில் பட்டது! தரையில் பட்டது!" என்று சுற்றிலும் சத்தம். யாரோ என்னைக் காட்டி, "இவர் அமெரிக்காவில் பார்த்தவர், இவரைக் கேளுங்கள்" என்றார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு ஆசையில்லாமல் இல்லை, விசாலம். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் எடுபட்டிருக்கும். நான் சொன்னது, "நான் பார்த்தது மட்டும்தான். ஆட்டம் தெரிந்தவர் அங்கே நிற்கிறார்."

கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மரத்தடியில் நின்ற மகளைக் கூப்பிட்டார். மார்த்தா அத்தனை பேர் முன்னால், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தரையில் படவில்லை. அவுட்." கேப்டன் என் முதுகில் ஓங்கித் தட்டி, "பார்த்தாயா, என் மகளின் கண்ணை!" என்றார். தோற்ற ஊரின் தலைவர், ஜெயித்தவர்களைவிட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார். அவர் பின்னால் நானும் நடந்தேன், அதே நடையில். நீ எஸ்தரின் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாய், எங்களைக் கவனிக்கவில்லை.

இனி ஒரு செய்தி. தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பலின் எஞ்சின் அறையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உத்தியோகம் சின்னதுதான். நிக்கோபார் பக்கம் மாதம் இரண்டு நடை. முதல் நடை 22ஆம் தேதி மூஸ் வருகிறது.

கடைசியாக ருக்கு. முதல் நாலு நாள் நான் வந்தாலே உன் புடவைக்குள் ஒளிந்தாள். ஐந்தாம் நாள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் படகு ஏறியபோது கையாட்டி, "மாமா டாட்டா" என்றாள். "மாமா இல்லடி" என்று நீ திருத்தப் போனாய். நான்தான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். ஏன் என்று நீ பிறகு நினைத்திருப்பாய்.

நீ சொல்லிக் கொடுத்து அவள் என்னை அப்பா என்று கூப்பிடவேண்டாம், விசாலம். கேப்டன் மகள் என்ற ஒரே காரணத்துக்காக நீ மார்த்தாவை ஒன்பது பேரில் சேர்த்துவிடவில்லை. நான் பெற்றவன் என்பதற்காக ருக்கு மட்டும் என்னை ஏன் எடுக்கவேண்டும்? மாதம் இரண்டு தடவை வருகிறேன். பார்க்கட்டும். பார்த்து அவளே தேர்ந்தெடுக்கட்டும். அன்றைக்கு எனக்கு வரப்போகிற பெருமையை இந்த உலகத்தில் எந்த மைதானத்திலும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

உன்
கண்ணையா